விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்திருக்கும்போது சாப்பாட்டு நேரத்தில் நாட்டுநடப்பைப் பேசலாமா?

பாம்பன் ஆசிரியை
26 டிசம்பர் 2025, காலை 6.40

வணக்கம். நேற்றுக் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாட்டின்போது எங்கள் வீட்டில் நடந்ததை எழுதி, உங்களிடம் யோசனை கேட்கலாம் என்று வந்திருக்கிறேன்.

மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளோடு தாம்பரத்தில் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகு, மூன்று கிறிஸ்துமசுக்கு அவர்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மண்டபம் ஊரில் இறங்கி, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு, பேருந்து பிடித்துத்தான் எங்கள் இராமேஸ்வரம் தீவுக்குள் வந்தார்கள். கடந்த ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதால் இந்த ஆண்டுதான் ரயிலிலேயே கடலைத் தாண்டி வந்தார்கள். கப்பல் போவதற்காக மேலே தூக்குகிற அந்த நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்று பேரன் இராமநாதபுரத்திலேயே விழித்து உட்கார்ந்திருந்தானாம். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டு வாசலில் நின்று அழுதான். பகலில் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன்.

நள்ளிரவுத் திருப்பலி நல்லபடியாக முடிந்தது. மதியம் பன்னிரண்டு பேர் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். என் தம்பி விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். அவன் கொண்டுவந்த சீலா மீனைத்தான் குழம்பும் வறுவலுமாகச் செய்திருந்தேன். பந்தி பாதி நடக்கும்போது மருமகனின் கைப்பேசியில் மீனவர் கைது குறித்த காணொளி ஒன்று ஓடியது. அதைப் பார்த்துவிட்டு அவர் என் கணவரிடம், "எல்லையைத் தாண்டினால் பிடிக்கத்தானே செய்வார்கள், மாமா? தெரிந்துகொண்டே ஏன் போகிறார்கள்?" என்று கேட்டார். சண்டைக்கு இழுக்கும் குரலில் அவர் கேட்கவில்லை. சேலத்துப் பக்கத்தவர், கடலை விவரமறிந்த பிறகுதான் பார்த்தவர், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

என் தம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, அக்கரையில், இலங்கைச் சிறையில் ஐந்து வாரம் இருந்தவன். வாசற்பக்கம் உட்கார்ந்திருந்த அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இலையில் பாதிச் சோறு அப்படியே இருக்க எழுந்து, முற்றத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, "வலை வேலை கிடக்குதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் தொடாத மீன் துண்டு இலையின் ஓரத்தில் கிடந்தது. இலையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் மகள்தான் எடுத்தாள்.

பொங்கலுக்கு இதே பன்னிரண்டு பேரும் மறுபடியும் கூடப் போகிறோம். சாப்பிடும்போது நாட்டுநடப்பைப் பேசக்கூடாது, கைப்பேசிகளை அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்று நான் பெரியவளாக ஒரு கட்டுப்பாடு போட்டுவிடலாமா? உங்கள் வீடுகளில் எப்படி?

கீழக்கரை லாத்தா
26 டிசம்பர் 2025, காலை 9.15

டீச்சர், அந்த மீன் துண்டைப் படித்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நீங்கள் போட நினைக்கிற கட்டுப்பாட்டை எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டோம். அதனால் சொல்கிறேன்.

என் கணவரும் என் இரண்டு காக்காமார்களும் (அண்ணன்மார்களும்) வளைகுடா நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடுமுறை என்றால் நாற்பது நாள். அதில் ஒவ்வொரு நாளையும் நாங்கள் எண்ணிக் கழிப்போம். வந்த முதல் வாரம் தொதல், வட்டலப்பம், விருந்து என்று போகும். இரண்டாம் வாரத்திலிருந்து அரசியல் பேச்சில் குரல் உயரும். நாற்பது நாளில் பத்து நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே போகிறதே என்று என் உம்மாதான், சாப்பிடும் இடத்தில் செய்திப் பேச்சே வேண்டாம் என்று தடை போட்டார். சண்டை நின்றது உண்மை. ஆனால் அதோடு என் வாப்பாவும் பேச்சை நிறுத்திவிட்டார். தினமும் காலையில் நாளிதழைச் சத்தம் போட்டுப் படித்து, ஒவ்வொரு செய்திக்கும் ஊரில் ஓர் ஆளை உதாரணம் காட்டிப் பேசுகிறவர் அவர். மகன்களிடம் பேச அவருக்கு வேறு வாசல் தெரியாது. அந்த வாசலை அடைத்த பிறகு, "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதற்கு மேல் அவர்களுக்குள் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அதை உடைத்தது இந்த ஆண்டின் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம். நவம்பர் 4 முதல் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள் அல்லவா? பழைய பட்டியலில் நம்முடைய பெயரோ பெற்றோரின் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசையில் இருந்தது என்று அதில் எழுத வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்களின் படிவத்தை யார் நிரப்புவது, யார் கையெழுத்திடுவது என்று தெரியாமல் ஒரு வாரம் தவித்தோம். கடைசியில் வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார, காக்காமார்கள் இருவரும் அங்கிருந்து காணொளி அழைப்பில் வர, இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலை வரி வரியாகத் தேடினோம். என் உம்மாவின் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தது. இறந்துபோன என் மாமாவின் பெயரைப் பார்த்ததும் வாப்பா அப்படியே நிறுத்தி, அவர் எந்தத் தேர்தலில் எந்தச் சாவடியில் முகவராக உட்கார்ந்தார் என்று ஒரு மணி நேரம் சொன்னார். காக்காமார்கள் இருவரும் குறுக்கே ஒரு சொல் பேசாமல் கேட்டார்கள்.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்து, மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை என்று தெரிந்த நாளில், எங்கள் வீட்டுப் பெயர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று முதலில் அழைத்துக் கேட்டவர் என் கணவர். நாட்டுநடப்பை வீட்டுக்கு வெளியே நிறுத்திவைக்க நம்மால் முடியாது டீச்சர். அது நம்முடைய பெயரைக் கேட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

மண்டபத்தில் இறங்கியவன்
26 டிசம்பர் 2025, மாலை 4.50

டீச்சர், நான் தங்கச்சிமடத்தில் பிறந்து சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவன். விடுமுறைக்கு ஊருக்கு வரும் ஆட்களில் ஒருவன் என்பதால், உங்கள் மருமகன் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

வெளியூரில் இருக்கிறவனுக்கு ஊர் என்பது கைப்பேசியில் வருகிற செய்திதான். 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, எங்கள் தெரு மூழ்கியிருப்பதை நான் அலுவலகத்தில் உட்கார்ந்து காணொளியில் பார்த்தேன். அம்மாவை இருபது தடவைக்கு மேல் அழைத்தும் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தபோது, "மழைதானே தம்பி, அதற்கு ஏன் இத்தனை அழைப்பு" என்றார். வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்ததையும், அரிசி மூட்டை நனைந்ததையும் ஒரு மாதம் கழித்துக் கிறிஸ்துமசுக்கு வந்தபோதுதான் பக்கத்து வீட்டு மதினி சொல்லித் தெரிந்துகொண்டேன். பிள்ளைகள் கவலைப்படுவார்கள் என்று நீங்கள் மறைக்கிறீர்கள். மறைத்ததால்தான் நாங்கள் செய்தியை நம்பிப் பேசுகிறோம், பேசி உங்களைப் புண்படுத்துகிறோம்.

எனக்கும் உங்கள் மருமகனுடைய அனுபவம் உண்டு. விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடி கடலின் அடித்தளத்தை அழிக்கிறது, பாக் நீரிணையின் அக்கரையில் வலை விரிப்பவர்களும் நம்மைப் போன்ற தமிழ் மீனவர்கள்தான், இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடைசெய்துவிட்டது என்றெல்லாம் ஒரு ஈஸ்டர் விருந்தில் நான் பேசினேன். இன்றைக்கும் அவை உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் அதை நான் என் சித்தப்பாவிடம் பேசினேன். அவர் விசைப்படகில் போய்ச் சம்பாதித்த பணத்தில்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தம்பி சிறையில் இருந்தது மருமகனுக்குத் தெரியுமா?

பாம்பன் ஆசிரியை
26 டிசம்பர் 2025, இரவு 10.20

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தெரியாது. மகளுக்குத் தெரியும், அவரிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியவள் நான். தம்பி பிடிபட்ட மாதத்தில்தான் சம்பந்தி வீட்டில் ஒரு விசேஷம் இருந்தது. பெண் கொடுத்த வீட்டில் தாய்மாமன் சிறையில் இருக்கிறான் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, கேரளப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னோம். அவன் திரும்பி வந்த பிறகும் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. திருடியதற்காகவா உள்ளே போனான்? மீன் பிடிக்கப் போய்த்தானே போனான்? முப்பத்தோரு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு அதைத் தலைநிமிர்ந்து சொல்லத் துணிவில்லாமல் போயிற்று. நேற்றுத் தம்பி எழுந்து போனதற்கு மருமகனின் கேள்வியைக் காட்டிலும், அருகில் உட்கார்ந்து வாய்மூடிக் குழம்பு பரிமாறிய நானே காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

தென்கடல் வல்லம்
27 டிசம்பர் 2025, காலை 5.30

டீச்சர், மனம் தளர வேண்டாம். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நான் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், நாட்டுப்படகுத் தொழில் செய்கிறவன். என் அண்ணன் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், விசைப்படகு ஓட்டுகிறவர். திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு, மற்ற நாள்கள் எங்களுக்கு என்று கடலையே கிழமை வைத்துப் பிரித்திருக்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வடகடலில் நான் வலை விட்ட காலத்தில், ஒரு முறை என் நண்டு வலையை இழுவை மடி வாரிக்கொண்டு போனது. அது எந்தப் படகு என்று தெரியாது. ஆனால் அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "உங்கள் ஆட்கள்தான்" என்று கத்தினேன். கரும்பும் பனங்கிழங்கும் வைத்த இடத்திலேயே கிடந்தன. இரண்டு ஆண்டு பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, இப்போது எண்பது வயது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி அழிந்தபோது அங்கே இருந்தவர். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனதும், பாலம் உடைந்து 46 நாளில் சீரமைக்கப்பட்டதும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். அப்பாயி சொல்வது வேறு. ஒவ்வோர் ஆண்டும் அந்த இரவில் எங்கள் குடும்பம் முழுவதும் அவர் வீட்டுத் திண்ணையில் கூடும். அவர் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. முடித்த பிறகு கேள்வி கேட்கலாம். அறுபது ஆண்டாகச் சொன்னாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வரும். இந்த முறை என் சின்ன மகள், "அன்றைக்கு ராத்திரி என்ன சமைத்தீங்க?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டில் அதை யாரும் கேட்டதில்லை. அப்பாயி கண்ணை மூடி யோசித்துவிட்டு, கேப்பைக் கூழ் என்றார். விடிந்து பார்த்தால் பானை உடையாமல் மணலில் பாதி புதைந்து இருந்ததாம். பசியில் அள்ளி வாயில் வைத்தால் கடல் உப்பு. "அந்த உப்புதான் எனக்கு எல்லாம் போச்சுன்னு சொல்லிச்சு" என்றார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்தத் திண்ணையில்தான் அண்ணனையும் என்னையும் அப்பாயி ஒன்றுசேர்த்தார். "கடலுக்குப் போறவன் முதல்ல பேசட்டும். இருக்கிறவன் பொறகு கேக்கட்டும்" என்று சொல்லி, அண்ணனை முதலில் பேச வைத்தார். அப்போதுதான் படகு முதலாளிக்கு அவர் எவ்வளவு முன்பணம் தர வேண்டும், ஏன் விட்டுவிட்டு வர முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆழ்கடலுக்கு மாறுவதற்கு 2017இல் ஒரு திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம், அதில் 70 விழுக்காடு மானியம். மீதிக்குக் கொஞ்சம் கைப்பணமும் வங்கிக் கடனும் போட்டு, பல நாள் கடலில் தங்கிச் சூரை மீன் பிடிக்க வேண்டும். அது படகு வைத்திருக்கிறவருக்குப் போட்ட கணக்கு. காலையில் போய் மறுநாள் கரை திரும்பிக் கூலி வாங்குகிற அண்ணனுக்கு அதில் இடமே இல்லை. நான் என் வலையின் கணக்கைச் சொன்னேன். சமாதானம் என்று பெரிதாக ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. வடகடலில் என் சொந்தக்காரர்கள் நண்டு வலை விட்டால், எந்தப் பக்கம் விட்டிருக்கிறார்கள் என்று முதல் நாள் மாலையே அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். அவர் ஒதுங்கிப் போகிறார், தெரிந்த படகுகளுக்கும் சொல்கிறார். கடல் முழுவதற்கும் இது தீர்வாகாது. ஆனாலும் பேசியதால் கிடைத்தது இது.

ஆகவே கட்டுப்பாடு போடுவதாக இருந்தால் எங்கள் அப்பாயி போட்டதைப் போடுங்கள்.

தங்கச்சிமடத்து மனைவி
27 டிசம்பர் 2025, காலை 11.05

எல்லோரும் பேசச் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கணவரும் உள்ளே இருந்து வந்தவர். படகு திரும்பவில்லை; அங்கே அரசுடைமை ஆக்கிவிட்டார்கள். அவர் திரும்பிய பிறகு வந்த முதல் கிறிஸ்துமசுக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டே, அடித்தார்களா, சோறு கொடுத்தார்களா, கடன் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அன்று இரவு அவர் தூங்கவில்லை. எட்டு வயது மகன் என்னிடம் வந்து, "அப்பாவை அடிச்சாங்களாம்மா?" என்று காதில் கேட்டான்.

உண்மை வீட்டில் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அனுபவித்தவர்தான் முடிவுசெய்ய வேண்டும். டீச்சர், மருமகனிடம் சொல்லும் முன் உங்கள் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பன்னிரண்டு பேர் நடுவில் அவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லிவிடாதீர்கள்.

முகாம் வீட்டுப் பிள்ளை
27 டிசம்பர் 2025, இரவு 8.30

மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மாவின் ஊர் இலங்கையின் மன்னார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருப்பது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோன நாள்களில், எங்கள் சித்தி வீட்டிலிருந்து இரண்டு நாள் தகவல் இல்லை. மூன்றாம் நாள் சித்தி அழைத்து, வீட்டில் தண்ணீர் நிற்கிறது, சித்தப்பாவின் வலை எல்லாம் போய்விட்டது என்றார். அந்த வலையில் ஒரு பகுதி ஏற்கெனவே இழுவை மடியில் போய், கடன் வாங்கிப் புதிதாக வாங்கியதாம். இங்கே என்னுடன் படித்தவர்களின் அப்பாக்கள் விசைப்படகில் போகிறவர்கள். எங்கள் வீட்டில் யாரைக் குற்றம் சொல்லிப் பேசினாலும் அது ஒரு சொந்தக்காரரைத்தான் போய்ச் சேரும். ஆனாலும் பேசுகிறோம், என் அம்மா மட்டும் பெயர் சொல்லிப் பேசச் சொல்வார். "மீனவர்கள்" என்று சொல்லாதே, யார் என்று சொல் என்பார்.

பாம்பன் ஆசிரியை
30 டிசம்பர் 2025, இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சிமடத்துத் தங்கை சொன்னபடி முதலில் தம்பியிடம் போனேன். மாப்பிள்ளையிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னுமா சொல்லல?" என்று கேட்டான். அவருக்குத் தெரியும், தெரிந்தே கேட்டார் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறான்.

சனிக்கிழமை இரவு மொட்டைமாடியில் மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "என்னை நீங்கள் இன்னும் வீட்டு ஆளாக நினைக்கவில்லையா, அத்தை?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஞாயிறு மாலை அவரே பேரனைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினார், நானும் போனேன். தம்பி வேப்பமரத்தடியில் கிழிந்த மடியை விரித்து வைத்துக் கண்ணி பின்னிக்கொண்டிருந்தான். மருமகன் எதிரே மணலில் உட்கார்ந்து, "தெரியாமல் பேசிவிட்டேன், மாமா" என்றார். தம்பி வலை ஊசியை நிறுத்தவில்லை. "கேட்டது சரியான கேள்விதான், மாப்பிள்ளை. இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்றான். அவர் பிடித்துக்கொண்டார். அப்படியே, அரைமணி நேரத்தில், எனக்கே இதுவரை சொல்லாததைச் சொன்னான். இந்தப் பக்கத்தில் மடியை எத்தனை முறை இழுத்தாலும் டீசல் செலவுக்குத் தேறவில்லை என்றால், ஓட்டுநர் முகத்தைப் பார்ப்பார். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. தானும் சொல்லவில்லை என்றான். சிறையில் பக்கத்தில் படுத்திருந்தவர் வேறு வழக்கில் வந்த மன்னார்க்காரர், அவரும் வலை விடுகிறவராம். முதல் நாள், "உங்கட மடிதான் எங்கட வலையை அறுத்தது" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். மூன்றாம் நாள் தன் சோப்பை இரண்டாக ஒடித்து ஒரு துண்டைத் தம்பியிடம் கொடுத்தாராம். அவர் பெயரைத் தம்பி சொன்னான்; முகாம் வீட்டுப் பிள்ளை எழுதியது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

அதற்கு மேல் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, மருமகனும் கேட்கவில்லை. பேரன் ஒரு கண்ணியைத் தப்பாக முடிந்து, தம்பி அவிழ்த்து, அவன் மறுபடி முடிந்து, இருட்டும்வரை அங்கேயே இருந்தார்கள். நான்தான் சாப்பிட வரச் சொல்லி எழுப்பினேன். அன்று சீலா இல்லை, சூடைக் குழம்புதான். தம்பியும் எங்களோடு வந்து உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.